இறங்கும் வழிக்கு ஒரு பூட்ஸ்

நியூசிலாந்தின் தென்தீவில் மலைவேட்டைக்குப் போகத் தொடங்கிய ஒன்பது ஆண்டுகளில் மூன்று ஜோடி பூட்ஸ்களுக்குப் பணம் செலவழித்திருக்கிறேன். முதல் ஜோடி என் கால்நகங்களைக் காவு வாங்கியது. இரண்டாவது நடுவழியில் உதிர்ந்து போனது. மூன்றாவதான கெனெட்ரெக் நிறுவனத்தின் மவுன்டன் எக்ஸ்ட்ரீம், இப்போது ஐந்தாவது குளிர்காலத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த மதிப்புரை அந்த மூன்றாவது ஜோடியைப் பற்றியதுதான் என்றாலும், முதலிரண்டிடமும் பட்டதைச் சொல்லாமல் அதன் அருமையை விளக்க முடியாது. பூட்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மலை ஏறுவதை மனத்தில் வைத்தே வாங்குகிறார்கள்; நானும் அப்படித்தான் வாங்கினேன். ஏறும்போது முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோ இருக்கும், உடம்பில் தெம்பும் இருக்கும். வேட்டை கிடைத்த நாளில் இறங்கும்போதோ, இறைச்சியும் தோலும் சேர்ந்து பை முப்பது கிலோவைத் தொட்டிருக்கும், பொழுது சாய்ந்திருக்கும், தொடைகள் நடுங்கத் தொடங்கியிருக்கும். பூட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த இறக்கத்துக்காக.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். நியூசிலாந்தின் கதை வேறு. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத இந்த நாட்டில், ஆங்கிலேயர்கள் விளையாட்டு வேட்டைக்கென்றே மான்களையும் மலையாடுகளையும் கொண்டுவந்து விட்டார்கள். இமயமலையின் தார் ஆடு 1904-இல் அவுராக்கி என்னும் மவுன்ட் குக் பகுதியில் விடப்பட்டது. அடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாததால் அது பெருகி, உச்சிமலைத் தாவரங்களை மேய்ந்து அழிக்க, அதன் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக்கூடாது என்று 1993-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டுத் திட்டமே வகுத்தது. இங்கே துப்பாக்கி உரிமமும் வனப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச்சீட்டும் இருந்தால் வேட்டைக்குப் போகலாம். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலோருக்குப் பாதி நோக்கம்.

வால்பாறைப் பக்கம் வளர்ந்த எனக்கு, முதன்முதலில் ஒரு தாரைத் தொலைநோக்கியில் பார்த்தபோது நம் வரையாடு பிடரிமயிர் வளர்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவு இல்லை. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று நீலகிரி வரையாட்டைச் செம்மறி ஆட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டது. ஆனாலும் இரண்டும் ஒரேவிதமான இடத்தையே விரும்புகின்றன: மனிதன் கால் வைக்கத் தயங்குகிற இடத்தை.

அந்த இடம் எப்படியிருக்கும் என்று சொன்னால்தான் பூட்ஸைப் பற்றிய பேச்சுக்குப் பொருள் இருக்கும். டெக்கப்போ ஏரிக்கு வடக்கே காட்லி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாள் நடந்தால் நான்கு வகைத் தரையைக் கடந்தாக வேண்டும். முதலில், பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆற்றின் படுகை: தேங்காய் அளவும் பூசணி அளவுமான உருண்டைக் கற்கள், கணுக்காலை எந்தப் பக்கமும் திருப்பக்கூடியவை. பிறகு மட்டகவுரி என்னும் முட்புதர். அதற்கு மேலே இடுப்பளவு டஸ்ஸக் புல், அதன் நடுவே ஒளிந்திருக்கும் ஸ்பியர்கிராஸ். இந்தச் செடியின் ஒவ்வோர் இலையும் கோணி ஊசிதான். கடைசியாக, காலடி வைத்தவுடன் ஓர் அடி கீழே வழுக்கும் சரளைச் சரிவும், அதற்கு மேல் பாறைச் செங்குத்துகளும். தார் நிற்பது அங்கேதான்.

என் முதல் ஜோடி நடைப்பயண பூட்ஸ், வலைத்துணியும் மெல்லிய தோலும் கலந்தது. கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சுபோல் இருந்தது, அணிந்த நிமிடத்திலிருந்தே சுகம். அந்தச் சுகமே அதன் குற்றம் என்பது மலையில்தான் தெரிந்தது. ஸ்பியர்கிராஸின் முனை வலைத்துணியைத் துளைத்துப் பெருவிரலில் இறங்கியது. அது சிறிய துன்பம். பெரிய துன்பம் இறக்கத்தில் காத்திருந்தது. வளைந்து கொடுக்கும் சோல், சாய்ந்த பாறையின் விளிம்பில் வைத்தால் விளிம்போடு சேர்ந்து வளைந்தது. முழுப் பாரத்தையும் என் பாதத்தின் சிறு தசைகள் தாங்கவேண்டி வந்தது. குதிகாலைப் பிடித்து நிறுத்தப் பின்பகுதியில் உறுதி இல்லாததால் ஒவ்வோர் அடியிலும் கால் முன்னால் நழுவி விரல்கள் முனையில் மோதின. ஆயிரம் மீட்டர் இறக்கம், எத்தனை ஆயிரம் மோதல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பெருவிரல் நகங்களும் முதலில் கருத்து, ஒரு மாதத்தில் கழன்று விழுந்தன.

இரண்டாவது முறை எச்சரிக்கையாக, கனத்த தோலில் செய்த, பெயர் பெற்ற நிறுவனத்தின் பூட்ஸைத் தள்ளுபடி விலையில் வாங்கினேன். பழைய இருப்பு என்று கடையிலேயே சொன்னார்கள். பெட்டி பிரிக்காதது, அதனால் புதிதுதான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் ஆண்டு, காரிலிருந்து இரண்டு நாள் நடையில் ஓர் ஆற்றுத் தலைப்பகுதியில் இருந்தபோது, வலது கால் பூட்ஸ் திடீரென்று செருப்புபோல் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. உட்கார்ந்து பார்த்தால் சோல் முன்பகுதியில் வாயைப் பிளந்திருந்தது. நடுவே இருந்த மிட்சோலை விரலால் தொட்டேன், ஊறிய ரஸ்க்குபோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இடது காலும் மாலைக்குள் அதே கதிக்கு வந்தது. கூடாரக் கயிற்றையும் ஒட்டுப்பட்டையையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, அறுந்த இடத்தில் மீண்டும் கட்டி, பதினாறு கிலோமீட்டர் ஆற்றுப் படுகையில் நடந்து வெளியே வந்தேன்.

இது கைவேலைக் குறை அன்று, வேதியியல். பெரும்பாலான கனத்த பூட்ஸ்களில் அதிர்வைத் தாங்கும் மிட்சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் மூலக்கூறுப் பிணைப்புகளை ஆண்டுக்கணக்கில் மெல்ல அறுக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் மொத்தமாகக் கைவிடும். அணியாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் இது நடக்காது என்று நினைப்பதும் தவறு. அடிக்கடி அணிந்த பூட்ஸைவிடப் புழுக்கமான அலமாரியில் கிடந்த பூட்ஸ் முந்திக்கொள்வதே வழக்கம். எனவே தள்ளுபடியில் கனத்த பூட்ஸ் வாங்குகிறவர்கள் தயாரித்த தேதியைக் கேளுங்கள். பல பூட்ஸ்களில் நாக்கின் உட்புறச் சீட்டிலோ பெட்டியிலோ அது இருக்கும். சோலுக்கும் தோலுக்கும் இடையிலுள்ள நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, சுருக்கமோ வெடிப்போ தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். எனக்குப் பணம் திரும்பியது இந்த நாட்டின் 1993-ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டத்தால். ஒரு பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பது அதில் ஒரு கடமை. ரசீதிலுள்ள ஓராண்டு உத்தரவாதத்தைக் காட்டி முதலில் கைவிரித்த கடைக்காரர், சட்டத்தின் பெயரைச் சொன்னதும் மேலாளரை அழைத்து வந்தார்.

மூன்றாவது ஜோடிக்கு முன் ஓராண்டு கடன் வாங்கிய பூட்ஸ்களில் நடந்தேன். அந்த ஆண்டில்தான் நான் வீழ்த்திய முதல் தாரின் குளம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிவிளிம்பு கொம்புபோல் கடினமாகவும் கூர்மையாகவும் இருக்கிறது. நடுப்பகுதி அழுத்தினால் உள்வாங்கும் ரப்பர்போல் இருக்கிறது. விளிம்பு பாறையின் சிறு பிளவில் மாட்டிக்கொள்கிறது, நடுப்பகுதி வழுவழுப்பான முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. மலை பூட்ஸின் சோல் செய்ய முயல்வதும் இதைத்தான். 1935-இல் இத்தாலிய மலைகளில் தன் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த வித்தாலே பிரமானி, ஆணி அடித்த தோல் சோலுக்கு மாற்றாக, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை 1937-இல் உருவாக்கினார். அவருடைய பெயரைச் சுருக்கினால் விப்ராம். 1930-களில் அரசுச் சம்பளத்துக்கு மான் சுட்ட நியூசிலாந்து வேட்டைக்காரர்கள் அப்போதும் ஆணி பூட்ஸில்தான் இந்த மலைகளில் அலைந்தார்கள். குளம்புக்கு வேண்டிய கடின விளிம்பை, நம் காலத்து பூட்ஸில் ரப்பர் மட்டும் தருவதில்லை. ரப்பருக்கு மேலே உள்ளே மறைந்திருக்கும் விறைப்பான தட்டு தருகிறது.

மவுன்டன் எக்ஸ்ட்ரீமில் அந்தத் தட்டு 7 மில்லிமீட்டர் நைலான். இந்த பூட்ஸைப் பற்றி ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். முன்முனையையும் குதிகாலையும் இரு கைகளில் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். எளிதாக முறுகும் பூட்ஸ் பாறைச் சரிவுக்கு ஆகாது. சரிவில் பூட்ஸின் உள்விளிம்பு மட்டும் ஒரு விரற்கடை அகலப் பாறையில் பதிந்திருக்கும்போது, மீதிப் பாதத்தை அந்தரத்தில் தாங்குவது இந்தத் தட்டுதான். சரளையில் இறங்கும்போது குதிகாலைக் குத்திக் குத்தி வைத்தால் ஒவ்வோர் அடியும் ஒரு படிக்கட்டாக நிற்கிறது. முதல் ஜோடியில் மூன்று மணிநேரம் எடுத்த ஒரு சரிவை, அதைவிடக் கனமான பையோடு இதில் இரண்டு மணிக்குள் இறங்கினேன். மறுநாள் காலையில் பாதம் வலிக்கவில்லை.

விறைப்பைக் குறிக்க ஜெர்மானியத் தயாரிப்பாளர்களிடம் ஒரு வசதியான வகைப்பாடு உண்டு. மைன்டல், ஹன்வாக், லோவா போன்ற பவேரிய நிறுவனங்களின் பூட்ஸ் பார்க்கிறவர்களுக்கு இது பயன்படும். ஏ என்பது பூங்காவுக்கும் சமதளப் பாதைக்கும்; பி என்பது குன்றுப் பாதைக்கு; பி/சி என்பது பாதையில்லாத மலைக்கும் அவ்வப்போது பூட்ஸின் அடியில் பனிக்கொக்கி மாட்டுவதற்கும்; சி பனிமலைக்கு; டி பனிச்சுவர் ஏறுகிறவர்களுக்கு. தார் வேட்டைக்கு பி/சி-க்குக் குறைந்து போகாதீர்கள், சி-க்கு மேல் தேவையும் இல்லை. காட்டுக்குள் மட்டும் செம்மான் தேடுகிறவர்களுக்கு பி போதும். வேர்களுக்கும் பாசிக்கும் நடுவே விறைத்த பூட்ஸ் வழுக்கத்தான் செய்யும், சத்தமும் போடும். மலையேறிகளின் பூட்ஸிலிருந்து வேட்டைக்காரனின் பூட்ஸ் பிரியும் இடமும் இதுதான். கடைசி நூறு மீட்டரில் கல் உரசும் ஓசை ஒன்று போதும், கூட்டம் மறுபுறச் சரிவுக்குப் போய்விடும். மவுன்டன் எக்ஸ்ட்ரீம் சத்தமில்லாத பூட்ஸ் அன்று. ஆனால் முழு விறைப்புள்ள பனிமலை பூட்ஸைவிட முன்பாதம் சற்று மடங்குவதால் நிதானமாக அடிவைக்க முடிகிறது.

மேல்தோல் 2.8 மில்லிமீட்டர் ஃபுல் கிரெய்ன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாட்டுத்தோலின் வெளிமுகத்தைத் தேய்த்துச் சீராக்காமல் அப்படியே விட்டால் அது ஃபுல் கிரெய்ன்; நார்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பது அந்த மேலடுக்கில்தான். அதே முகத்தை லேசாக உரசி வெல்வெட்போல் ஆக்கினால் நூபக். கீழடுக்கைப் பிரித்தெடுத்தால் ஸ்பிளிட். அது மலிவு, ஆனால் முள்ளிலும் கல்லிலும் விரைவில் தேயும். தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பூட்ஸ் முதலில் விட்டுக்கொடுப்பது தையலில். சரளைக்கல் தோலைக் கீறுவதற்குள் நூலை அறுத்துவிடும். ஆகவே கடையில் பூட்ஸைத் திருப்பித் திருப்பித் தையல்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், இருப்பவை இரட்டையாகவோ மூன்று வரிசையாகவோ இருக்க வேண்டும், பெருவிரல் மடங்கும் இடத்தில் தையல் குறுக்கே போகக்கூடாது. இந்த பூட்ஸைச் சுற்றிக் கீழ்ப்பகுதியில் ரப்பர் பட்டை ஓடுகிறது. நான்கு குளிர்காலம் கழித்து அந்தப் பட்டை முழுக்கக் கீறல். அதற்கு மேலுள்ள தோலில் மெழுகு தேய்த்தால் மறையும் தழும்புகள் மட்டுமே. சோலின் பற்கள் சென்ற ஆண்டு தேய்ந்தபோது கிறைஸ்ட்சர்ச்சில் ஒருவரிடம் கொடுத்துப் புதுச் சோல் போட்டுக்கொண்டேன். மேல்தோல் உழைக்கும் பூட்ஸில் இந்தச் செலவு வீண் போகாது; துணி பூட்ஸில் சோல் மாற்றுவது கிழிந்த குடைக்குப் புதுக் கைப்பிடி போடுவதுபோல.

நீர்புகாமை என்ற சொல்லை வைத்துத்தான் இந்தக் காலத்தில் பூட்ஸ் விற்கிறார்கள். இதில் நான் பொதுக்கருத்தோடு ஒத்துப்போவதில்லை. உள்ளே கோர்டெக்ஸ், வின்டெக்ஸ் போன்ற ஏதோ ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். மவுன்டன் எக்ஸ்ட்ரீமில் இருப்பது வின்டெக்ஸ். நீர்த்துளி உள்ளே வராது, வேர்வை ஆவியாக வெளியேறும் என்பது தத்துவம். பனிப்புல்லிலும் மழையிலும் தத்துவம் வேலை செய்கிறது. ஆனால் இங்குள்ள கான்டர்பரி வட்டாரத்து ஆறுகளில் ஒரு நாளைக்குப் பத்து முறை முழங்காலளவு நீரில் இறங்கி ஏறுகிறவனுக்கு நீர் மேல்வழியாக உள்ளே வருகிறது. வந்த நீரை வெளியே விடாமல் காப்பாற்றுவதும் அதே சவ்வுதான். வாளிக்குள் கால் வைத்து நடப்பதுபோல் இருக்கும். பூட்ஸைக் கழற்றி வெறுங்காலில் கடக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கற்களில் வெறுங்காலோடு நடப்பது, கணுக்காலை ஆற்றுக்கு எழுதிக்கொடுப்பதற்குச் சமம். ஆகவே கடந்ததும் உட்கார்ந்து, கழற்றிக் கவிழ்த்து, காலுறையைப் பிழிந்து மீண்டும் அணிவதுதான் வழி. எல்லா சவ்வு பூட்ஸ்களுக்கும் பொதுவான இந்தக் குறைக்கு இந்த பூட்ஸ் விலக்கன்று. ஆறு கடக்கும் வேட்டைதான் உங்கள் வேட்டை என்றால், சவ்வில்லாத, மெழுகு ஏற்றிய தனித்தோல் பூட்ஸ் இன்னும் சிலரிடம் கிடைக்கிறது. அது நனையும், ஆனால் நடக்க நடக்க நீரைத் துப்பிவிடும்.

குளிர் காப்பைப் பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. 400 கிராம், 1000 கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பூட்ஸுக்குள் அத்தனை கிராம் பஞ்சு திணித்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அது ஒரு சதுர மீட்டர் காப்புத்துணியின் எடை. தார் கிடாக்கள் அடர்ந்த பிடரியோடு பெண்களைத் தேடி அலையும், இங்கே குளிர் தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் பாறை ஓரத்தில் இரண்டு மூன்று மணிநேரம் அசையாமல் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்போம். அப்போது விரல்கள் மரத்துப்போவது உண்மை. இருந்தும் காப்பில்லாத வகையைத்தான் வாங்கினேன். ஏறும்போது காப்பு பூட்ஸில் கால் வேர்த்து நனையும். நனைந்த கால் உட்கார்ந்தவுடன் இன்னும் வேகமாகக் குளிரும். மெரினோ கம்பளிக் காலுறை ஒன்று காலில், உலர்ந்த இன்னொன்று சட்டைக்குள் வயிற்றோடு. உட்கார்ந்ததும் மாற்றிக்கொள்வேன். மரத்தில் பரண் கட்டிக் காலையிலிருந்து மாலைவரை உட்காரும் வட அமெரிக்க வேட்டைக்கு 400-க்கு மேல் தேவைப்படலாம். நடந்து அலைகிறவர்களுக்கு வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்து, அளவு தவறினால் எல்லாம் வீண். பள்ளிக்காலம் முழுவதும் வெறுங்காலிலும் ரப்பர் செருப்பிலும் ஓடித் திரிந்தவன் நான். என் பாதம் முன்னால் விசிறிபோல் விரிந்திருக்கும், குதிகால் ஒடுங்கியிருக்கும். ஐரோப்பிய லாஸ்ட்டில், அதாவது காலணி செய்யும் கால்வடிவ அச்சில், இழுத்த பூட்ஸ் பலவற்றில் முன்பாதம் நெரியும். அதற்காக ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் ஆடும், கொப்புளம் எழும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிசெய்ய முடியாது என்பதை நம்மவர்கள் பலர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அகல வகை தனியாகச் செய்யும் நிறுவனத்தைத் தேடுங்கள்; நான் கெனெட்ரெக்கை அமெரிக்காவிலிருந்து வரவழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்குப் போவதென்றால் மாலையில் போங்கள், அதற்குள் கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் அதே கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் கொடுக்கும் மெல்லிய உறையில் எல்லா பூட்ஸும் பொருந்தும். முதலில் பூட்ஸுக்குள்ளிருக்கும் உள்ளடித்தட்டை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள்: பாதத்தின் பக்கங்கள் தட்டைத் தாண்டி வழிந்தால் அந்த அகலம் உங்களுக்கு இல்லை. பிறகு லேஸ் கட்டாமல் காலை நுழைத்து விரல்கள் முன்முனையைத் தொடும்வரை தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் தடையில்லாமல் நுழைய வேண்டும். கடைசியாக, சாய்வுப் பலகை இருக்கும் கடையில் அதன்மேல் கீழ்நோக்கி நின்று, பத்து நிமிடம் குதித்துக் குதித்துப் பாருங்கள். ஒரு விரல் நுனியாவது முனையில் இடித்தால் வேண்டாம். கடைக்காரர் சலித்துக்கொள்வார், நகம் உங்களுடையது. அரை சைஸ் வித்தியாசம் அற்பம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸ் என்பது மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழ். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் நேராகப் பொருந்தாததால் மாற்று அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். பாதத்தை மில்லிமீட்டரில் அளந்து அந்த எண்ணைக் கொண்டு வாங்குவதே உத்தமம்.

லேஸ் கட்டும் விதத்திலும் இறக்கத்தின் கணக்கு இருக்கிறது. ஏறும்போது கணுக்காலுக்கு மேலே தளர்வாக விடுகிறேன், முழங்கால் முன்னால் சாய அது இடம் கொடுக்கும். உச்சியில் நின்று, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் ஒட்டவைத்து, புறங்காலின் வளைவில் லேஸை இரண்டு முறை சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, அதற்கு மேலே மறுபடி கட்டுகிறேன். அந்த முடிச்சு பாதத்தை முன்னால் நழுவவிடாமல் பூட்டுகிறது. இரண்டு நிமிட வேலை. இதை முதல் ஜோடியின் காலத்தில் யாராவது சொல்லித் தந்திருந்தால் ஒரு நகமாவது தப்பியிருக்கும்.

மவுன்டன் எக்ஸ்ட்ரீம் முதல் நாளில் சுகமாக இருக்காது. பத்து அங்குல உயரமும் கனத்த தோலும் காலைச் சிமிண்டுக் குழாய்க்குள் விட்டதுபோல் பிடிக்கும். முதல் வாரம் வீட்டுக்குள், அடுத்த சில வாரங்கள் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு, பிறகு பத்துக் கிலோ பையோடு கிறைஸ்ட்சர்ச்சின் பிரைடில் பாத் என்னும் செங்குத்துப் பாதையில் ஏறி இறங்கி என்று, வேட்டைக்கு முன் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் நடந்தேன். ஐம்பதாவது கிலோமீட்டர் வாக்கில் கணுக்கால் மடிப்பில் தோல் தன் சுருக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அதன்பிறகு இன்றுவரை ஒரு கொப்புளம் வரவில்லை. வாங்கிய மறுநாளே மலைக்குப் போக நினைக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். கோடைக்கால நடைக்கும் இது வேண்டாம். எடையும் வெப்பமும் வதைக்கும்.

பராமரிப்பு அதிகமில்லை, தவறாமல் செய்ய வேண்டும். வந்த அன்றே மண்ணைக் கழுவி, உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கிறேன். மலைக்குடிசைகளில் அடுப்பருகே பூட்ஸை வைத்துவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எழுப்பிச் சொல்லத் தோன்றும். தோல் சுருங்கும், பசை இளகும், விரல் வைத்தால் வெடிப்புத் தெரியும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை தேன்மெழுகு. கழுவுவதில் சட்டமும் உண்டு: டிடிமோ என்னும் ஆற்றுப்பாசி 2004-இல் தென்தீவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணியைச் சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் 48 மணிநேரம் விடச் சொல்கிறார்கள். கனத்த தோலுக்கு இது உண்மையிலேயே மூன்று நான்கு நாள் வேலை. ஒரே வார இறுதியில் இரண்டு ஆறுகள் என்று திட்டமிடுகிறவர்கள் கிருமிநாசினிக் கரைசலை நாட வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து பழைய பூட்ஸோடு வருகிறவர்கள் விமான நிலையத்தில் அதை அறிவிக்கவும் மறந்துவிடாதீர்கள்.

நான் வாங்கியபோது விலை அமெரிக்காவிலேயே 500 டாலரை ஒட்டி இருந்தது, அனுப்பும் செலவும் வரியும் தனி. தொலைபேசியில் கேட்ட அப்பா, "ஏன்டா, இந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு கறவ மாடே வாங்கிடலாமே" என்றார். நான்கு குளிர்காலத்துக்குப் பங்கிட்டுப் பார்த்தால், இரண்டாவது ஜோடிக்குக் கொடுத்த விலையைவிட (அது திரும்பி வந்தது வேறு கதை) இது மலிவு என்று அவருக்குக் கணக்குச் சொன்னேன், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. சைஸைப் பொறுத்தவரை, ஊரில் போடும் ஷூவைவிட அரை சைஸ் கூட்டி, அகல வகையில் எடுத்தேன். கனத்த காலுறையோடு சரியாக இருக்கிறது. மெல்லிய காலுறை அணிகிறவர்கள் தங்கள் வழக்கமான சைஸிலேயே எடுக்கலாம். கூடவே ஒரு ஜோடி லேஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸோடு வந்ததில் இடதுகால் லேஸ் மூன்றாம் குளிர்காலத்தில் மேல் கொக்கி உரசும் இடத்தில் தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது.